குழாயில் போகும் சீர்

ஆசிட் பாட்டிலை மறுபடியும் காணோம்.

கழிப்பறை மூலை, வாளிக்குப் பின்னால், சன்னல் விளிம்பு என்று எல்லா இடத்திலும் தேடிவிட்டு சைத்ரா வெளியே வந்தாள்.

"உங்கம்மா ஒளிச்சு வெச்சுட்டாங்க," என்றாள் கணவனிடம். "சோப்புத்தூளை உப்பு மாதிரி கிள்ளிப் போடறாங்க. பினாயில் வாங்கினா முகம் சுருங்குது. இப்படியா கஞ்சத்தனம்?"

"எங்க வீட்டையா கஞ்சம்ங்கறே?" என்றான் பிரதாப். "மாமனாருக்குத் தினமும் சீர் அனுப்பற மாப்பிள்ளை இந்த வர்த்தூரிலேயே நான்தான்!"

கல்யாணப் பந்தியில் ஆரம்பித்த கேலி அது. நகரத்தில் அவர்கள் பகுதியின் கழிவுநீரெல்லாம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து குழாயில் கோலார்ப் பக்கத்து ஏரிகளுக்குப் போகிறது. அப்படி நிரம்பிய ஓர் ஏரியின் அருகேதான் சைத்ராவின் அப்பா முனிவெங்கடப்பா மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறார்.

சைத்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இன்றுதான் முதல்முறையாக வருகிறார்.

நேராக மாமியாரிடம் போனாள்.

"அத்தை, ஆசிட் எங்கே?"

"எதுக்கு?" என்றாள் கெம்பம்மா. "தேய்ச்சு வெச்சிருக்கேன், போய்ப் பாரு. முகம் தெரியும்."

"எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?"

"கையைப் போட்டு."

"ஒரு பாட்டில் ஆசிட்கூட எங்கப்பா பெறமாட்டாரா அத்தை?"

கெம்பம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து சமையலறைக்குப் போனாள்.

சைத்ரா உள்ளே வந்து பையில் துணிகளை அடுக்கினாள். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவருடனேயே ஊருக்குப் போய்விடுவது. கூப்பிட்டால் வருவதா என்று பிறகு யோசிக்கலாம்.

மதியம் முனிவெங்கடப்பா அவரைக்காய் மூட்டையோடு வந்தார். சைத்ரா பையும் கையுமாக அறை வாசலில் நின்றாள். "அப்பா..." என்று ஆரம்பிப்பதற்குள் கெம்பம்மா முந்திக்கொண்டாள்.

"சம்பந்தி, புழுவெல்லாம் எப்படி இருக்கு?"

வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் புழுவைக் கேட்ட மாமியாரைப் பார்த்து சைத்ராவுக்கு இன்னும் எரிந்தது.

"போன தடவை பாதி செத்துப் போச்சு தாயி," என்றார் அவர். "இந்தத் தடவை எல்லாம் அருமையா கூடு கட்டிடுச்சு."

"அப்பாடா!" கெம்பம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க தண்ணி உங்க ஏரிக்கு வருதுன்னு இவன் சொன்னதிலேருந்து எனக்கு அதே கவலையா இருந்தது. புழுவுக்கு வாசனை கொஞ்சம் மாறினாக்கூட ஆகாதாமே. இந்த வீட்டிலேருந்து ஒரு சொட்டு ஆசிட் இறங்க விடலை, சம்பந்தி."

முனிவெங்கடப்பா விழித்தார். பிரதாப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அம்மா! ஊரே ஊத்துது. நடுவுல சுத்தம் வேற பண்றாங்க. உன் ஒரு பாட்டிலால என்ன ஆயிடும்?"

சைத்ரா பையைச் சத்தமில்லாமல் கதவுக்குப் பின்னால் தள்ளினாள்.

"ஊரு ஊத்தட்டும்டா," என்றாள் கெம்பம்மா. "குழாயோட அந்தக் கடைசியில ஊருக்கு யாரு இருக்கா? எனக்குச் சம்பந்தி இருக்காரே!"