சாயந்திர ரயிலில் வருகிறவர்

"ஏம்மா, அவ்வளவு பெரிய நகரத்தை விட்டுட்டு இங்க எதுக்கு வீடு தேடுற?"

பூட்டைத் திறப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டாள் வானொலி அக்கா. அந்தப் பெயர் தெரு வைத்தது. காலி வீடு அவளுடைய நாத்தனாருடையது. நாத்தனார் வெளியூரில் இருந்ததால் சாவி இவளிடம். சாவியோடு, வீடு பார்க்க வருகிறவர்களின் பூர்வீகத்தை விசாரிக்கும் உரிமையும் இவளிடம்தான்.

"எல்லாம் வீட்டுக்காரர் தொல்லைதான்க்கா" என்றாள் வந்தவள். சின்ன வயசுதான், கண்ணுக்குக் கீழே மட்டும் தூக்கமில்லாத கருப்பு. அவள் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி.

அக்காவின் காதுகள் கூர்மையாயின. "அடப்பாவமே! அப்படி என்ன பண்றார்?"

"என்ன பண்ணலைன்னு கேளுங்க. பிள்ளை ரெண்டு அடி ஓடினா கத்துவார். சொல்லாமக் கொள்ளாம கதவைத் திறந்துட்டு வந்து நிப்பார். எங்கம்மா வந்து தங்கினா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார். அதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். இந்தத் தண்ணி விஷயம்தான்க்கா தாங்க முடியலை. விடிஞ்சா தண்ணிச் சண்டைதான்."

"விடிஞ்சதுமேவா!" அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

சிறுமி காலிக் கூடத்தைக் குறுக்கே கடந்து ஜன்னலுக்குப் போனாள். குதிகால் தரையில் படவே இல்லை. விரல் நுனியில், பூனை மாதிரி.

"பாப்பா ஏன் அப்படி நடக்குது?"

"பழகிடுச்சுக்கா. சத்தம் கேட்டா திட்டுவாரேன்னு."

அக்காவுக்குப் பேச்சு வரவில்லை. அந்தத் தெரு அதுவரை கண்டிராத அதிசயம் அது.

"இவ ஓடி விளையாடற மாதிரி ஒரு ஊர் வேணும்க்கா. நகரத்துக்கு ரயில்ல வேலைக்குப் போய்ட்டு வர்ற தூரத்துல இருக்கணும். என்னைக்காவது ரயில் லேட்டானா பிள்ளைக்குத் துணையா நாலு பேர் இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். ஒவ்வொரு ஸ்டேஷனா இறங்கிப் பார்த்தாச்சு, எதுவும் அமையலை." அவள் பெருமூச்சு விட்டாள். "சாயந்திர ரயில்ல அவர் வர்றார். என்ன சொல்லப் போறாரோன்னு இப்பவே பயமா இருக்கு."

"இங்கேயும் வர்றாரா!"

"வராம இருப்பாரா?" என்றபடி அவள் குழாய்களைத் திறந்து பார்க்க உள்ளே போனாள்.

ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. டெய்லர் கடைக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது புருஷன் குடிகாரனாக இருந்தான். சைக்கிள் கடையைத் தாண்டும்போது அடிக்கவும் ஆரம்பித்திருந்தான். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வீட்டு வாசலை எட்டுவதற்குள் மாமியாரைப் பிடித்து நடுத்தெருவில் தள்ளியே விட்டிருந்தான்.

"நம்ம தெருவை நம்பி வந்த பொண்ணு. சும்மா விட்டுட முடியுமா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார் தலைமையாசிரியர். டெய்லர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு காலி வீட்டுக்கு முன்னால் வந்து சேர்ந்தார். சைக்கிள் கடைக்காரர் கையில் காற்றடிக்கும் பம்பு. அதை வைத்து என்ன செய்வதாக இருந்தார் என்பது அவருக்கே தெரியாது.

ரயில் வந்து போனது. எதிர்பார்த்த முரடனைக் காணோம். ஒடிசலாக, மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் ஆள், தோளில் பையும் கையில் பாட்டிலுமாக நடந்து வந்தார். "இங்க காலி வீடு எதுங்க? ஒரு பொண்ணு குழந்தையோட பார்க்க வந்திருக்குமே..."

"அந்தப் பொண்ணு உங்களுக்கு யாரு?"

"நான் அவ வீட்டுக்காரர்ங்க."

சைக்கிள் கடைக்காரர் எட்டிச் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"கையில என்னய்யா பாட்டில்? தண்ணியா?" என்றார் டெய்லர்.

"ஆமாங்க, தண்ணிதான். ரயில்லயே பாதி குடிச்சுட்டேன். உங்களுக்கு வேணுமா?"

"நெஞ்சழுத்தத்தைப் பாரேன்!" என்றாள் அக்கா.

"இதோ பாருங்க தம்பி" என்று வகுப்பறைக் குரலை எடுத்தார் தலைமையாசிரியர். "அவ இனிமே இந்தத் தெருப் பொண்ணு. அவளையோ குழந்தையையோ அழ வச்சா, ஏன்னு கேட்க நாங்க இருக்கோம்."

சத்தம் கேட்டுச் சிறுமி வாசலில் எட்டிப் பார்த்தாள். "அப்பா!" என்று கத்திக்கொண்டு, குதிகால் அதிர அதிர ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். சட்டையைப் பிடித்த கை தானாகத் தளர்ந்தது.

பின்னாலேயே அவளும் ஓடி வந்தாள். "ஏங்க, என்ன ஆச்சு?"

"இந்த ஊரையே முடிச்சுடலாம்" என்றார் அவர், கசங்கிய காலரைத் தடவிக்கொண்டே.

"வீட்டுக்குள்ள நீங்க இன்னும் காலே வைக்கலையே!"

"ரயில் லேட்டானா பிள்ளைக்கு யார் துணைன்னுதானே ஒவ்வொரு ஊரா வேண்டாம்னேன்? இங்க உனக்காகக் கட்டின புருஷன் சட்டையையே பிடிக்கிறாங்க. இனி எனக்கென்ன கவலை?"

அவள் ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்தாள். தலைமையாசிரியர் மட்டும் மசியவில்லை. "அந்தப் பேச்செல்லாம் அப்புறம். தண்ணியை விடுவீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல!"

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தண்ணி விடமாட்டேங்கிற மனுஷன் மோட்டார் சுவிட்சைக் கையில வச்சுக்கிட்டு எங்களுக்குக் கீழ் போர்ஷன்ல உட்கார்ந்திருக்கார் சார். நான் இவளுக்கு மட்டும்தான் வீட்டுக்காரர். மாசம் பொறந்தா வாடகை வாங்குற அவர், எங்க ரெண்டு பேருக்குமே வீட்டுக்காரர்!"