அடிக்காத மணி

"மனுஷன் நல்ல நித்திர! என்ட கண்ணால பார்த்தேன்" என்று சத்தம் போட்டார் றம்லத் டீச்சர்.

மேடையோரம் மணியும் ஸ்டொப் வொட்சுமாக உட்கார்ந்திருந்த சுந்தரலிங்கம் மறுக்கவில்லை. மாநகர சபையில் கிளார்க்காக இருந்து பென்ஷன் போனவர். கண்டியில் எந்தப் பாடசாலை விவாதப் போட்டி என்றாலும் நேரம் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"கண் அசந்துட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றார்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கிய போட்டி. இறுதிச் சுற்று முடியும்போது மாலை ஐந்தாகிவிட்டது. வெளியே மழை. பிளேன்டீயும் தீர்ந்துவிட்டது. பேசியவர்கள், கேட்டவர்கள், நடுவர்கள் எல்லோருமே துவண்டுபோயிருந்தார்கள். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்த அந்த நேரத்தில் சண்டை போடத் தெம்பிருந்தது றம்லத் டீச்சருக்கு மட்டும்தான்.

அவரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடமாக இறுதிச் சுற்றில் தோற்ற அவருடைய மடவளை அணி, இந்த முறையும் இரண்டே இரண்டு புள்ளியில் தெல்தெனிய அணியிடம் தோற்றிருந்தது.

தெல்தெனிய அணியில் கடைசியாகப் பேசியவள் சீதா. 'பரீட்சையால் திறமையை அளக்க முடியாது' என்று வாதாட வந்த பிள்ளைக்குத் திக்குவாய். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் அடுத்த சொல்லுக்கு சபையே காத்திருக்க வேண்டும். பின்வரிசையில் சிரித்தார்கள்.

"இந்தப் புள்ளைய ஏன்தான் மேடையேத்துறாங்களோ" என்று ஓர் ஆசிரியர் கொட்டாவி விட்டார்.

சீதா விடவில்லை. வியர்த்து வழிந்தபடியே எதிரணியின் மூன்று வாதங்களையும் ஒவ்வொன்றாக உடைத்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினாள்.

ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான். ஐந்து முடிந்ததும் மணி அடிக்கும். அதற்கு மேல் பேசினால் ஐந்து புள்ளி கழிப்பார்கள். சீதாவுக்கு மணி அடிக்கவே இல்லை.

"ஏழு நிமிஷம் பேசினா சேர்! இந்தா பாருங்க, எங்கட வூட்டுக்காரர் சவூதியால கொண்டு வந்த கடிகாரம். ஒரு செக்கன் பிசகாது!" என்று மணிக்கட்டை நீட்டினார் றம்லத் டீச்சர்.

தலைமை நடுவர் மஹ்மூத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைத் தேய்த்தார்.

"மணி அடிக்கல்லயென்டா அந்தப் புள்ளையில பிழை செல்ல ஏலாது டீச்சர். நீங்க எழுத்துல முறைப்பாடு தந்தா மட்டும்தான் புள்ளி கழிக்கலாம். பத்து நிமிஷம் தாறேன்."

பிறகு சுந்தரலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் வயசு போயிட்டுது. அடுத்த வருஷம் வேற ஆளைப் பார்க்கிறோம்."

சுந்தரலிங்கம் தலையை மட்டும் ஆட்டினார்.

றம்லத் டீச்சர் அணித் தலைவி ஹபீலாவிடம் தாளை நீட்டினார். "எழுது மகள். ஸ்டொப் வொட்ச் எத்தன காட்டுதென்டும் பார்த்துட்டு வா. ஆதாரம் இல்லாம வாதம் இல்லயென்டு எத்தன தரம் செல்லித் தந்தீக்கிறேன்."

போன ஹபீலா திரும்பி வந்தாள். பேனையை மட்டும் திறக்கவில்லை.

"எத்தனயாம்?"

"நாலு நிமிஷம் ஐம்பத்தெட்டு செக்கன் டீச்சர்."

"நித்திரையில கை பட்டு நின்டிருக்கும்."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். பொறகுதான் யோசிச்சேன். ஏழு நிமிஷத்துல சீதா திக்கி நின்ட நேரத்தக் கழிச்சா எவ்வளவு வரும்? அஞ்சுக்குக் கிட்டத்தான் வரும். அவரிட்டயே கேட்டுட்டேன், 'அவ திக்கும்போதெல்லாம் நிப்பாட்டினீங்களா சேர்?' என்டு."

"என்ன சொன்னார்?"

"'பேசுறதுக்குத்தான் புள்ள அஞ்சு நிமிஷம். பேச வராம நிக்கிறதுக்கு இல்ல'ன்னார். கண்ண மூடிட்டு இருந்தது காதுல கவனமா வாங்கத்தானாம்."

டீச்சரின் குரல் இறங்கியது. "அப்ப அதச் செல்ல வேண்டியதுதானே? ஏன் நித்திரையென்டு பேர் வாங்கோணும்?"

"'வெளிய சொன்னா, பாவம் பார்த்து நேரம் குடுத்தாங்கன்னு அந்தப் புள்ள நெனச்சிரும். அப்புறம் மேடைப் பக்கமே வராது. நான் தூங்கினதாவே இருந்துட்டுப் போகட்டும்'ன்னார்."

டீச்சர் மேடையோரம் உட்கார்ந்திருந்த சுந்தரலிங்கத்தைப் பார்த்தார்.

"அப்ப நம்மட கப்?" என்றார் டீச்சர். கேட்கும்போதே அவருக்கு அலுப்பாக இருந்தது.

"அவ உடைச்ச மூணு வாதத்துல ரெண்டு என்ட வாதம் டீச்சர். அஞ்சு நிமிஷம் என்டாலும் ஏழு நிமிஷம் என்டாலும் என்னட்ட அதுக்குப் பதில் இல்ல."

முன்வரிசையில் சீதா, புத்தகப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இவர்கள் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து நிமிஷம் முடிஞ்சிட்டுது. முறைப்பாடு ஈக்கா, இல்லயா?" என்று ஒலிவாங்கியில் கேட்டார் மஹ்மூத்.

றம்லத் டீச்சர் எழுந்தார். வெறும் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். மேடைக்குப் போய், கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"முறைப்பாடு இல்ல சேர். அந்தப் புள்ள பேசினது அஞ்சு நிமிஷத்துக்குள்ளதான். மணி அடிக்க வேண்டிய நேரம் வரவே இல்ல. என்ட இந்தக் கடிகாரம்தான் பழுது."