வெளிச்சம் வந்த பக்கம்

மாடிவீட்டு அமலிக்கு ஒற்றைத் தலைவலி வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். முதலில் கண்ணில் ஒரு வெளிச்சம் வளைந்து நெளியும். பார்க்கிற எதிலும் இடது கைப் பக்கத்துப் பாதி அழிந்துபோகும். அப்போதே மூக்கில் மருந்தை அடித்துவிட வேண்டும், பிந்தினால் பலிக்காது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளோ மருந்தைக் கையில் பிடித்தபடி, வெளிச்சம் அடங்கும்வரை புருஷன் தொம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு இரண்டு நாள் வலியில் சுருண்டு கிடப்பாள்.

"அறுபது வயசுல என்ன கொஞ்சல் வேண்டிக் கெடக்கு," என்று எதிர்வீட்டு ஜன்னலில் சிரிப்பு கிளம்பும். தொம்மையும் அது கொஞ்சல் என்றே நம்பினார். வெளிச்சம் வந்துவிட்டது என்றாலே தலையை வாரிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்துவிடுவார். பக்கவாதத்தில் கோணிப்போன அவர் கன்னம் அந்த இருபது நிமிஷம் மட்டும் இல்லாமல் போகிறது, மிச்சப் பாதியில் பழைய தொம்மை இருக்கிறார் என்பதை அமலி யாரிடம் போய்ச் சொல்வாள்?

நேற்று வெளிச்சம் வலது பக்கமாக வந்தது; அழிந்ததும் வலது பாதி. தலைவாரி வந்து உட்கார்ந்தவரிடம் தொங்கிய உதடும் மூடாத கண்ணும் மட்டுமே மிச்சமிருந்தன. அவள் அவசரமாக மருந்தை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"என்னட்டி, இன்னைக்கு என்னையப் பாக்கலையா?" என்றார் தொம்மை.

சிரித்துக்கொண்டுதான் கேட்டிருப்பார். சிரிப்பு வருகிற பக்கம் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.