இன்னாசியப்பன் ஊற்றிய தண்ணீர்

மாதா கோவிலில் மூன்றாம் கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டது. "இந்த விவாகத்துக்கு விக்கினம் ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று சாமியார் பூசையில் கேட்டதற்கு, ஒருவரும் வாய் திறக்கவில்லை. புதன்கிழமை கல்யாணம்.

மாப்பிள்ளை இன்னாசியப்பனுக்கு ஐம்பது வயது, பெரிய மாந்தோப்பு, அதைவிடப் பெரிய மீசை. மூத்த தாரம் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பவில்லை.

பெண் ராக்கினிக்குப் பதினெட்டு. அழுதழுது கண் இரண்டும் தக்காளியாகியிருந்தன.

சாமியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் பார்த்தார். "மனசாரச் சம்மதமா? பயத்துல சொன்ன சம்மதம் செல்லாது, அம்மா."

கதவுக்கு வெளியே அப்பன் சூசை செருமினான்.

"சம்மதம் சாமி" என்றாள். அதற்கு மேல் சாமியார் என்ன செய்வார்?

பூசை முடிந்து கோவில் வாசலில் கூட்டம். மருத்துவச்சி மதலேனம்மா நேரே மாப்பிள்ளையிடம் போய்க் கும்பிடு போட்டாள்.

"சின்ன ரயில் ஓடின காலத்துல, ராயக்கோட்டை மேட்டுல மூச்சு முட்டி நின்ன எஞ்சினை ஒத்தை ஆளாத் தள்ளுனது நீங்கதானே?"

"தோள்ல காய்ப்பு இன்னும் இருக்குது" என்றார் இன்னாசியப்பன். "பின்னாடி ரெண்டு பெட்டி கழண்டு போச்சு. அதையும் கையோட இழுத்துட்டுப் போய்ச் சேர்த்தேன்."

ராக்கினியின் அம்மா ஜோதியம்மா மருத்துவச்சியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "என் பிள்ளையைக் கையில ஏந்தினவ நீ. கல்யாணச் சோத்துக்காக இப்படிக் குழையுறியே அக்கா."

மதலேனம்மா அதைக் காதில் வாங்காமல் குரலை உயர்த்தினாள்.

"இந்த ராக்கினி பிறந்த கதை தெரியுமா? சூசை அப்போ கோலார் சுரங்கத்துல இருந்தான். பிள்ளைக்கு மூச்சுப் பேச்சில்லை. ஞானஸ்நானம் இல்லாமப் போயிருமோன்னு நாங்க நடுங்குறோம். ஒரு ஆம்பளை தைரியமா உள்ள வந்தாரு. செம்புத் தண்ணியத் தலையில ஊத்தி ஞானஸ்நானம் கொடுத்தாரு. பிள்ளை வீல்னு கத்துச்சு. அடுப்புப் புகையில, வானத்துல இருந்து இறங்கின சம்மனசு மாதிரி நின்னாரு. முகம் தெரியலை, மீசைதான் தெரிஞ்சுது. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

ஜோதியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மதலேனம்மாவின் குதிகால் அவள் கால்மேல் ஏறியது.

ஊர் முழுக்க ஒரே மீசையைப் பார்த்தது.

இன்னாசியப்பன் அதை முறுக்கினார். "நம்ம பெருமையை நாமே பேசக் கூடாதுன்னு இத்தனை நாள் அடக்கி வச்சிருந்தேன்."

"நீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் சாமியார். "தண்ணி தலையில பட்டுதா? ஜெபம் முழுசாச் சொன்னீங்களா?"

"லத்தீன்லயே சொன்னேன் சாமி."

சாமியார் பெருமூச்சு விட்டார். "அப்படின்னா கல்யாணம் இல்லை. ஞானஸ்நானம் கொடுத்தவர் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் மாதிரி. அவரே தாலி கட்டினா அது செல்லாது. திருச்சபைச் சட்டம்."

சூசை தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"விலக்கு எதுவும் கிடையாதா சாமி?" மாப்பிள்ளையின் குரல் இறங்கியிருந்தது.

"சேலம் பிஷப் ஆண்டவருக்கு எழுதலாம். 'எனக்கு மக முறை, ஆனாலும் கட்டிக்க ஆசை'ன்னு எழுதுங்க. பதில் வந்ததும் பூசையில வாசிக்கிறேன். இல்லேன்னா, 'நான் தண்ணி ஊத்தலை, சும்மா சொன்னேன்'னு இங்கேயே சொல்லிடுங்க. புதன்கிழமையே கட்டி வைக்கிறேன்."

கூட்டத்தில் யாரோ, "அப்போ அந்த ரயிலு?" என்று இழுத்தார்கள்.

இன்னாசியப்பன் பெண்ணைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். விரல் தானாக மீசைக்குப் போயிற்று.

"ஊத்தினது ஊத்தினதுதான்" என்றார்.

ராக்கினி ஓடி வந்து அவர் காலில் விழுந்தாள். "ஆசீர்வாதம் பண்ணுங்கப்பா."

வேறு வழியில்லாமல் அவள் தலையில் கை வைத்தார்.

கூட்டம் கலைந்ததும் ஜோதியம்மா மருத்துவச்சியைச் சுவரோரம் இழுத்தாள்.

"அக்கா, இவ பிறந்தப்போ போட்ட கத்துல எருமை கயித்தை அறுத்துக்கிட்டு ஓடுச்சே. எட்டாம் நாள் கோவில்ல தண்ணி ஊத்துனது நம்ம சாமியார்தானே? அவருக்கு ஞாபகம் வந்துட்டா என்ன பண்றது?"

பின்னாலிருந்து சாமியாரே பதில் சொன்னார்.

"பதினெட்டு வருஷம் ஆச்சு, ஜோதியம்மா. ராக்கினிக்குப் பிடிச்சவன் அவளுக்குத் தாலி கட்டுன மறுநாள் ஞாபகம் வரும்."