பின்னணியில் ஓடிய நிரல்

அக்கா பதிப்பகத்துக்குப் பிழை திருத்திக் கொடுப்பவள். அவளுடைய கணினியின் பின்னணியில் பெயர் தெரியாத நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. உடனே தம்பியை வரவழைத்தாள்.

"வெளிவராத புத்தகமெல்லாம் இதுலதான்டா இருக்கு. எவனாவது திருடிட்டா எனக்கு இனிமே யார் வேலை தருவா? அழிச்சுடு."

"பதறாதேக்கா. எங்கேருந்து ஓடுது, எதையாவது வெளியே அனுப்புதான்னு முதல்ல பாக்கறேன்."

கொஞ்ச நேரம் துழாவிய தம்பி, "எதையும் அனுப்பல. அத்தான் இந்தக் கணினியைத் தொடுவாரா?" என்றான்.

"அவரா? கண்ணாடி போடு, கண்ணாடி போடுன்னு என்னை நச்சரிக்கத்தான் தெரியும். இப்ப அதையும் விட்டுட்டார். கடவுள் புண்ணியத்துல என் கண்ணு தானாவே தெளிஞ்சுடுச்சே! எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"அக்கா, இது வாராவாரம் திரையில எழுத்தைத் துளித்துளியா பெரிசாக்குற நிரல். போட்டது அத்தான்தான்."

அக்கா திரையில் இருந்த ஓர் எழுத்தை விரலால் அளந்து பார்த்தாள்.

"அழிச்சுடட்டுமா?"

"கைய எடுடா!" என்றவள், சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, சாயங்காலம் கண்ணாடிக் கடைக்குப் போகலாமா? இந்தப் பய ரொம்ப வற்புறுத்தறான்."