பாதியில் நின்ற ஆள்

நாள் முழுக்க மூட்டை சுமந்த இடுப்பு கழன்று விழுந்துவிடும் போல் வலித்தது. ஆனாலும் லோடுமேன் ஸ்க்ரூ டிரைவரோடு பொம்மை ரயிலின் முன்னால் குனிந்தார். மகளின் பிறந்த நாளுக்கு மச்சான் வாங்கித் தந்த ரயில் அது. பொத்தானை அமுக்கினால், சரக்குப் பெட்டிக்குள் இருக்கும் குட்டி ஆள் மூட்டையை மேடைக்குத் தள்ள வேண்டும். இந்த ஆளோ பாதியிலேயே நின்றான்.

“எந்தக் குப்பையில பொறுக்கினானோ உன் தம்பி!”

“அதை அவன் மூஞ்சிக்கு நேரா கேட்டுத்தானே விரட்டி விட்டீங்க?” என்றாள் மனைவி. “ஒரு மாசமா இந்தப் பக்கமே வரல அவன்.”

ஒயரை மாற்றினார். தூசியைத் துடைத்து எண்ணெய் விட்டார். சும்மா விட்டால் ஆள் விர்ரென்று ஓடினான். மூட்டையை வைத்ததும் முக்கி முனகி நின்றுவிட்டான்.

“சரியான வேலைக்கள்ளன்! என் செட்டுல இருந்திருந்தா தெரியும் சேதி.”

மனைவி அலுப்போடு அந்த மூட்டையைக் கையில் எடுத்தாள். “என்னங்க இது? சுண்டைக்காய் சைஸ்ல இருந்துகிட்டு இந்தக் கனம் கனக்குது!”

“வந்தப்ப உள்ளே வெறும் பஞ்சுதான் இருந்துச்சு. மூட்டைன்னா கனம் வேணாமா? நான்தான் பிரிச்சு ஈயக் குண்டு வச்சுத் தச்சேன்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

அவள் தையலைப் பிரித்து ஈயத்தைக் கொட்டி, மூட்டையைத் திரும்ப வைத்துப் பொத்தானை அமுக்கினாள். ஆள் ஒரே தள்ளில் மூட்டையை மேடையில் சேர்த்தான்.

பிறகு போனில் தம்பியின் எண்ணைத் தட்டி, கணவரின் காதில் வைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது, அவன் எடுக்கவில்லை.

மச்சானிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி நின்றது.