பக்கத்து வீட்டுக் காடு

பக்கத்து வீட்டு ஷாஹுலுக்கு டவுன்ஷிப் நிர்வாகத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கோபாலசாமிக்கு வயிறு குளிர்ந்தது.

"பத்து நாள் டைமாம். அதுக்குள்ள தோட்டத்தை க்ளீன் பண்ணலேன்னா ஃபைன். நல்லா வேணும்!" என்றார், காபியை உறிஞ்சிக்கொண்டே.

சாந்தாமணி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "ஏனுங்க, கம்ப்ளெய்ன்ட் பண்ணினது யாரு?"

"யாரா இருந்தா என்ன? நான்தான்!"

பின்னே? அமெரிக்காவில், எடிசன் நகரத்தில் வீடு வாங்கி, புல்தரையைக் கல்யாண ஜமக்காளம் மாதிரி வைத்திருக்கிறார் மனுஷர். பக்கத்திலேயே அப்படி ஒரு காடு என்றால் பற்றிக்கொண்டு வராதா? டிசம்பரிலும் காய்ந்த சூரியகாந்தித் தண்டுகள் வெட்டாமல் நிற்கின்றன. மூலையில் சருகு மேடு. அதன்மேல் ஒடிந்த கிளைகள் வேறு.

அக்டோபரிலேயே நயமாகச் சொல்லிப் பார்த்தார். "காய்ஞ்ச பூவிலதாண்ணே விதை இருக்கு. பனி விழுந்தா குருவிங்களுக்கு அதுதான் சாப்பாடு. சருகுக்குள்ள தேரை தூங்குமாம்" என்றார் ஷாஹுல். தேரைக்குத் தாலாட்டா பாட முடியும்?

"பனி முடியற வரைக்குமாவது விட்டிருக்கலாமுங்க. அதுங்க எங்க போகும்?" என்றாள் சாந்தாமணி.

"உனக்கென்ன, நாள் பூரா வீட்டுக்குள்ள சுகமா இருக்கிற. வீட்டு விலை இறங்கினா அழப்போறது நான்!"

அவள் அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. அதிசயமாக ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலைக்கு லீவு கிடைத்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒரு தண்டுகூடக் குறையவில்லை. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நேரே போய் ஷாஹுல் வீட்டு மணியை அடித்தார்.

"என்ன ஷாஹுல், நோட்டீஸுக்குக்கூட மரியாதை இல்லையா?"

"மார்ச் வரைக்கும் டைம் கேட்டிருக்கேண்ணே. தரலேன்னா ஃபைனைக் கட்டிடறேன்."

"ஃபைன் கட்டினாலும் கட்டுவீங்க, வெட்ட மாட்டீங்க! அப்படி என்னய்யா வீம்பு? நம்மாளுங்கன்னாலே அழுக்குன்னு இந்தத் தெருக்காரங்க சொல்ல மாட்டாங்களா? கத்தரியைக் குடுங்க, நானே வெட்டறேன்!"

உள்ளேயிருந்து ஷாஹுலின் மனைவி ஹபீஸா விறுவிறுவென்று வந்தாள்.

"போதும்! இனிமே என்னால பொறுக்க முடியாது."

"ஹபீஸா, வேண்டாம். சொல்லக் கூடாதுன்னு கேட்டிருக்காங்க இல்ல?"

"சொல்லத்தான் போறேன்!" அவள் கோபாலசாமியின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நாங்க ரெண்டு பேரும் விடிஞ்சா ஆபீஸ் போறவங்க. எங்களுக்குச் செடி பேர்கூடத் தெரியாது. நீங்க ட்ரெயின் ஏறினதும் இங்க வந்து, குருவிங்க குடிக்கிற தட்டில உறைஞ்ச தண்ணியை வெந்நீர் ஊத்திக் கரைக்கிறது யாருன்னு தெரியுமா? இந்த விசாவில வேலைக்கும் போக முடியாது, பேச்சுத் துணைக்கும் ஆளில்லைன்னு போன வருஷம் இதே வாசல்ல நின்னு அழுதாங்க. உங்க புல்லுல ஒரு செடி வைக்கக்கூட நீங்க விடலையாமே! இடம் மட்டும்தாண்ணே எங்களோடது. தோட்டம் சாந்தாக்காவோடது!"